எடை மெஷின் சொல்லாத கணக்கு

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரி எடைமேடை ஏறாமல் போகாது. சரக்கோடு ஒரு எடை, காலி வண்டிக்கு ஒரு எடை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால்தான் உள்ளே எவ்வளவு உப்பு, எவ்வளவு நிலக்கரி என்று தெரியும். மொத்த எடையை மட்டும் பார்த்துப் பில் போட்டால் அந்தக் கம்பெனி ஒரு மாதம் தாங்காது. இதைப் புரிந்துகொள்ள பி.காம். படிக்க வேண்டியதில்லை. லாரி கிளீனருக்கே தெரியும்.

ஆனால் பிள்ளைகளை எடை போடும்போது மட்டும் இந்தச் சாதாரணக் கணக்கு எல்லோருக்கும் மறந்து போகிறது!

ஒரு எட்டாம் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வராண்டாவில் எடை மெஷின், சுவரில் உயரம் பார்க்கும் அளவுகோல். மூன்று பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். மூன்று பேருக்கும் வயது 13, உயரம் 150 செ.மீ. முதல் பையன் லீவு நாளில் அப்பாவோடு கரையில் வலை இழுப்பவன், சாயங்காலம் கபடி. எடை 50 கிலோ. இரண்டாமவன் வேனில் வந்து, வேனில் போய், டியூஷன் முடிந்ததும் செல்போனோடு படுப்பவன். அவனும் 50 கிலோ. மூன்றாமவனுக்கு வகுப்பில் பட்டப்பெயரே 'ஒல்லிக்குச்சி'. 40 கிலோ.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. முதல் இருவருக்கும் 22.2. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 13 வயதுப் பையனுக்கு இது 'அதிக எடை'. மூன்றாமவனுக்கு 17.8. நார்மல். கபடிக்காரனுக்கும் செல்போன்காரனுக்கும் ஒரே சீட்டு, ஒல்லிக்குச்சிக்குப் பாராட்டு. மூன்று முடிவுகளில் எத்தனை சரி? ஒருவேளை ஒன்றுதான் சரியாக இருக்கும். ஒல்லிக்குச்சியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கும் என்றால் நம்புவீர்களா? அதற்குக் கொஞ்சம் பின்னால் வரலாம்.

இந்த பி.எம்.ஐ. என்ற சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1830-களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் குவெட்லெட் என்பவர் கண்டுபிடித்தது. அவர் டாக்டர் அல்ல. வானியலும் புள்ளியியலும் பார்த்தவர். ஒரு சமுதாயத்தின் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்பதுதான் அவருடைய கேள்வி. தனி ஒருவர் குண்டா ஒல்லியா என்பதல்ல. 1972-ல் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ் குழுவினர் அதற்கு பி.எம்.ஐ. என்று பெயர் சூட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்ததும் வளர்ந்த ஆண்களை மட்டும்தான். பெண்கள் இல்லை, குழந்தைகள் இல்லவே இல்லை. கூட்டத்தை அளக்கச் செய்த கோலை எடுத்து ஒரு எட்டாம் வகுப்புப் பையனின் தலையில் வைத்தால் எப்படி?

எடை ஏமாற்றும் என்பதை முதலில் சரியாக நிரூபித்தவர்களில் ஒருவர் கடற்படை டாக்டர் என்பது தூத்துக்குடிக்காரர்களுக்குப் பிடித்த செய்தியாக இருக்கும். அமெரிக்கக் கடற்படையின் ஆல்பர்ட் பென்கே ஆழ்கடலில் மூழ்குபவர்களின் உடல்நலத்தை ஆராய்ந்தவர். மூழ்கி வருபவரின் உடலில் நைட்ரஜன் வாயு சேர்வதில் கொழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் யார் உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்பது அவருக்கு உயிர் போகிற கேள்வி. 1942-ல் அவரும் அவருடைய குழுவினரும் ஆட்களைத் தண்ணீருக்குள் இறக்கி எடை போட்டார்கள். கொழுப்பு மிதக்கும், எலும்பும் தசையும் மூழ்கும். ஆகவே தண்ணீருக்குள் ஒருவரின் எடை எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து உள்ளே எது எவ்வளவு என்று கணக்குப் போடலாம்.

அந்த ஆய்வில் 25 அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் இருந்தார்கள். உயரம்-எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் ராணுவத்துக்கே லாயக்கில்லாத குண்டர்கள்! தண்ணீரில் போட்டுப் பார்த்தால் அவர்களில் பலருக்கு அது கொழுப்பல்ல, தசை. கபடிக்காரப் பையனின் கேஸ் அன்றைக்கே தீர்ந்துவிட்டது.

இந்தக் கரையில் முத்துக் குளித்தவர்களுக்கு இது ஒன்றும் புதுசு அல்ல. மூச்சைப் பிடித்த உடம்பு தானாக அடிக்குப் போகாது என்பதால்தான் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றிக்கொண்டு இறங்கினார்கள். அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. அந்தக் கல்லும் கயிறும் சொன்ன பாடத்தை எடை மெஷின் இன்னும் படிக்கவில்லை.

சரி, எல்லாப் பிள்ளைகளையும் தண்ணீருக்குள் இறக்கி எடை போட்டுவிடலாமா? முடியாது. நுரையீரலில் உள்ள காற்றை முழுக்க வெளியே விட்டுவிட்டு, தலையோடு முங்கி, ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை ஆடாமல் இருக்குமா? முடி வெட்டும்போதே இருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. குழந்தை என்பது சைஸ் குறைந்த பெரியவர் அல்ல. கொழுப்பை நீக்கிவிட்டுப் பார்த்தால் மீதி உடம்பில் தண்ணீரின் பங்கு, பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 80 சதவீதம், வளர்ந்தவருக்கு 73 சதவீதம். இடையில் உள்ள ஒவ்வொரு வயதுக்கும் அது மாறிக்கொண்டே வருகிறது. எலும்பில் தாது சேருவதும் அப்படித்தான். பெரியவர்களுக்குப் போட்ட சூத்திரத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

தூத்துக்குடிக்கு மட்டுமே உரிய ஒரு வேடிக்கை இங்கே இருக்கிறது. ஸ்பிக் உரத் தொழிற்சாலையை ஒட்டி 1978-ல் அணுசக்தித் துறையின் கன நீர் ஆலை இயங்கத் தொடங்கியது. அம்மோனியா தயாரிப்பதற்கான வாயுவிலிருந்து டியூட்டீரியத்தைப் பிரித்து, அணு உலைகளுக்காக டன் கணக்கில் அங்கே கன நீர் தயாரித்தார்கள். அதே கன நீரைச் சில கிராம் மட்டும் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்துத்தான் உலகமெங்கும் குழந்தைகளின் உடலமைப்பை அளக்கிறார்கள். பயப்பட வேண்டாம், அதில் கதிரியக்கம் கிடையாது. குடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் எச்சில் எடுப்பார்கள். குடித்துச் சில மணி நேரம் கழித்து, அது உடம்புத் தண்ணீரோடு கலந்த பிறகு, மறுபடியும் எச்சில் எடுப்பார்கள். எவ்வளவு நீர்த்துப் போயிருக்கிறது என்று பார்த்தால் உடம்பில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துவிடும். கொழுப்பில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. மீதி சாதாரணக் கழித்தல்தான்.

உதாரணத்துக்கு 40 கிலோ பிள்ளையின் உடம்பில் 21 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் 73 சதவீதக் கணக்கில் கொழுப்பு 11.2 கிலோ. அந்த வயதுக்கு 76 சதவீதம் என்று எடுத்தால் 12.4 கிலோ. ஒரே எச்சில், ஒரே மெஷின். எடுத்துக்கொண்ட அனுமானம் மாறியதும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம்! தேய்மானம் கணக்கிடும் முறையை மாற்றினால் லாபம் மாறுகிற மாதிரி.

இப்போது ஒல்லிக்குச்சியிடம் வரலாம்.

புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் புனே அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் ஒரு திருப்புமுனை. சவுத்தாம்ப்டன் குழந்தை சராசரியாக 3.5 கிலோ. புனே குழந்தை 2.7 கிலோ. ஏறக்குறைய முக்கால் கிலோ குறைச்சல். அந்தக் குறைச்சல் எதில் என்று பார்த்தால்தான் அதிர்ச்சி. தசை குறைவு, வயிற்றிலுள்ள உறுப்புகளும் சிறியவை. ஆனால் தோள்பட்டை எலும்புக்குக் கீழே கிள்ளிப் பார்த்தால் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியான, ஆனால் கொழுப்புள்ள குழந்தை. பிறக்கும்போதே!

அடுத்த ஆண்டே யாஜ்னிக் இதைத் தன் உடம்பை வைத்தே காட்டினார். அவரும் அவருடைய ஆங்கிலேய நண்பர் டாக்டர் யுட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தை லான்செட் இதழ் 2004-ல் வெளியிட்டது. இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. அச்சு அசலாக 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

இது பூனாக்காரர்கள் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2016-லிருந்து 2018 வரை நாடு முழுவதும் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. பிறந்த குழந்தை முதல் 19 வயது வரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளை அளந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு அது. 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேர் பி.எம்.ஐ. கணக்கில் ஒல்லி. 5 சதவீதம் பேர் அதிக எடை. இதை மட்டும் படித்தால், பிரச்சினை ஒல்லியாக இருப்பதுதான், குண்டு என்பது பணக்கார வீட்டுக் கவலை என்று தோன்றும்.

ஆனால் அதே ஆய்வு இரத்தத்தையும் பரிசோதித்தது. பத்தில் ஒரு பிள்ளைக்குச் சர்க்கரை நோயின் முந்தைய நிலை! இங்கே ஒரு சின்னக் கழித்தல் போடுங்கள். அதிக எடை உள்ளவர்கள் 5 சதவீதம். சர்க்கரை எட்டிப் பார்ப்பவர்கள் 10 சதவீதம். அதிக எடைக்காரர்கள் ஒருவர் விடாமல் அந்தப் பத்துக்குள் இருந்தாலும், மீதிப் பாதிப் பேர் 'நார்மல்' அல்லது 'ஒல்லி' என்று சீட்டு வாங்கியவர்கள்தான். எல்லாமே உள்ளே ஒளிந்திருக்கும் கொழுப்பால் என்று சொல்லிவிட முடியாது, பரம்பரை முதல் எத்தனையோ காரணம் இருக்கும். ஆனால் எடை மெஷினை மட்டும் நம்பினால் இந்தப் பாதிப் பேர் யார் கண்ணிலும் படமாட்டார்கள். வரிசையில் மூன்றாவதாக நின்ற 'ஒல்லிக்குச்சி' அவர்களில் ஒருவனாக இருக்கலாம்.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் 5 முதல் 18 வயதுக்குத் தனி வளர்ச்சி அட்டவணை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணை, வளர்ந்தபின் 25, 30 என்ற எல்லைகளில் போய்ச் சேரும். இந்தியச் சங்கத்தின் அட்டவணையோ 23, 27 என்ற எல்லைகளில் சேரும். அதாவது ஒரே பிள்ளை ஒரு அட்டவணையில் நார்மல், மற்றொன்றில் அதிக எடை. நல்ல திருத்தம்தான். ஆனாலும் கோட்டைக் கீழே இறக்கினால் கபடிக்காரப் பையன்கள் இன்னும் நாலு பேர் மாட்டிக்கொள்வார்கள், அவ்வளவே. கோடு எங்கே போட்டாலும் மொத்த எடை மொத்த எடைதான்.

போதாக்குறைக்குப் பிள்ளைகளின் பி.எம்.ஐ. ஒரு இடத்தில் நிற்காது. ஒரு வயதுக்குப் பிறகு குறைந்துகொண்டே வந்து, ஐந்தாறு வயதில் அடிமட்டத்தைத் தொட்டு, மறுபடி ஏறும். பருவ வயதில் ஆண், பெண் இருவருக்கும் எண் கூடும். ஆனால் பையனுக்குக் கூடுவது பெரும்பாலும் தசை, பெண்ணுக்குக் கூடுவதில் கணிசமான பங்கு கொழுப்பு. அந்தக் கொழுப்பு உடம்புக்குத் தேவையானது, இயற்கை கொடுப்பது. அதைப் போய் ஒரு வகுப்பறையில் 'வெயிட் போட்டுட்டே' என்று சொல்வது எவ்வளவு பெரிய தப்பு!

கையில் பிடித்தால் கொழுப்பு சதவீதம் சொல்லும் மெஷின் வந்துவிட்டதே, ஜிம்மில்கூட இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த மெஷின் கொழுப்பை அளப்பதே இல்லை. உடம்புக்குள் மெல்லிய மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கிறது. அதிலிருந்து தண்ணீரை ஊகித்து, தண்ணீரிலிருந்து கொழுப்பை ஊகிக்கிறது. யாரை வைத்து அந்தச் சூத்திரத்தைச் செய்தார்களோ அவர்களுக்கு ஓரளவு பொருந்தும். மே மாத வெயிலில் விளையாடி வியர்த்து வந்த பிள்ளையை அதில் ஏற்றினால் வேறு எண். தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் வேறு எண். தசம புள்ளியோடு வருவதால் உண்மை மாதிரி தெரிகிறது. பேலன்ஸ் ஷீட்டில் பைசா வரை டேலி ஆவதால் மட்டும் கணக்கு நேர்மையாகிவிடுமா? எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது பெரிய ஆஸ்பத்திரி விஷயம், பள்ளிக்கூட வராண்டாவுக்கு வராது.

வராண்டாவுக்கு வரக்கூடியவை இரண்டு உண்டு. ஒன்று, தையல்காரர் கழுத்தில் தொங்குவது போன்ற டேப். நீளாத டேப்பாக இருக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்க்க அது போதும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் பரிந்துரைத்தது. 150 செ.மீ. பையனுக்கு 75-க்குள். கபடிக்காரன் அநேகமாகத் தப்பித்துவிடுவான், செல்போன்காரன் மாட்டுவான். தொப்பை வைத்த ஒல்லிக்குச்சியும் மாட்டுவான்.

இரண்டாவது, தோல்மடிப்புக் காலிப்பர். மேற்கையின் பின்பக்கம், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், தோலைக் கிள்ளிப் பிடித்து அதன் தடிமனை அளக்கும் இடுக்கி. லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பென்டன் என்ற ஊரில் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளை வருடக்கணக்காக அளந்த டாக்டர் டானரின் ஆய்வோடு சேர்ந்த பெயர்தான் ஹார்ப்பென்டன் காலிப்பர். அளப்பவர் கை பழகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு விடை வரும் என்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன தேசிய ஆய்வில் கிராமம் கிராமமாகப் போய்த் தோல்மடிப்பை அளந்திருக்கிறார்கள். பயிற்சி கொடுத்தால் இங்கேயும் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் அந்நியமும் அல்ல. காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டத்தோடு எட்டயபுரத்தின் பெயர் இன்றைக்கும் சேர்ந்தே வரும். அந்த எட்டயபுரம் இருப்பது தூத்துக்குடி மாவட்டத்தில்தான். 1980-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், கைக்குழந்தைகளை மாதா மாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு உடனே கூடுதல் உணவு கொடுத்தது. ஒரு தடவை பார்த்த எடையை விட, போன மாதத்திலிருந்து ஏறியதா இல்லையா என்பதே முக்கியம் என்று அந்தத் திட்டம் புரிந்துகொண்டிருந்தது. அளந்ததும் கையோடு ஏதாவது செய்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அளந்துவிட்டு அவமானப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு சிங்கப்பூர் உதாரணம். 1992-ல் அங்கே பள்ளிகளில் 'ட்ரிம் அண்ட் ஃபிட்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். சுருக்கமாக 'டி.ஏ.எஃப்.'. அதிக எடைப் பிள்ளைகளைத் தனியே பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி. அந்த மூன்று எழுத்தையும் திருப்பிப் போட்டால் ஆங்கிலத்தில் 'குண்டு' என்று வரும். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கேலியோ கேலி. உடல் பருமன் 14 சதவீதத்திலிருந்து 9.5 சதவீதமாகக் குறைந்தது என்று கணக்குக் காட்டினாலும், 2007-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வின் விடையும் இதற்குத் தூரம் இல்லை. பி.எம்.ஐ. சீட்டை வீட்டுக்கு அனுப்பியதால் பிள்ளைகளின் எடை மாறவில்லை. எடை போடப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பு மேல் அதிருப்திதான் கூடியது.

ஆகவே டேப்பும் காலிப்பரும் வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டியது ஒரு திரைச்சீலை :-) வரிசையில் நிறுத்தி எண்ணை உரக்கச் சொல்லி, இன்னொரு மாணவன் நோட்டில் எழுதும் பழக்கம் முதலில் ஒழிய வேண்டும். பெண் பிள்ளைகளைப் பெண்தான் அளக்க வேண்டும். எண் பிள்ளையின் கையில் போகக்கூடாது, வகுப்பு முன்னால் சொல்லவே கூடாது. பெற்றோரிடம் சொல்லும்போதும் 'உங்க பிள்ளை குண்டு' என்று சொல்லாமல், இரத்தப் பரிசோதனை வேண்டுமா, விளையாட விடுகிறீர்களா என்று பேசலாம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 'ஒல்லிப் பிள்ளைக்கும் கொழுப்பு' என்று கேள்விப்பட்டதும் சில வீடுகளில் சோற்றைக் குறைத்துவிடுவார்கள். அது பெரிய தப்பு. அந்தப் பிள்ளைக்குக் குறைவாக இருப்பது தசை. தசைக்கு வேண்டியது முட்டையும் பருப்பும் மீனும் ஓட்டமும். தூத்துக்குடியில் மீனுக்கா பஞ்சம்! பரோட்டாவும் மக்ரூனும் தினமும் வேண்டாம் என்று வேண்டுமானால் சொல்லலாம், அதற்கே வீட்டில் யுத்தம் நடக்கும்.

2013-லிருந்து தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் டாக்டர், நர்ஸோடு பள்ளிக்குப் பள்ளி வருகின்றன. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை, பள்ளிக்கு ஒரு தடவை என்பது ஏற்பாடு. அந்த வண்டியில் ஒரு காலிப்பர், ஒரு நீளாத டேப், அளக்கப் பழகிய ஒரே கை. ஒரே பிள்ளையை ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வருடம் ஒரு தடவை திரைக்குப் பின்னால் அளந்தால், ஐந்து எண்கள் வரிசையாகக் கிடைக்கும். ஐந்தில் இடுப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறதா, உயரமும் கூடவே ஏறுகிறதா என்று அந்த நர்ஸே ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.